கரையில் கசியும் நீர் என்ன சொல்கிறது?

மண்ணால் கட்டிய அணை கசியுமா? கசியும். கசிவே இல்லாத மண் அணை என்று ஒன்று கிடையாது. மண் துகள்களுக்கு இடையே நுண்ணிய இடைவெளிகள் உள்ளன. களிமண்ணில் அவை மிகமிகச் சிறியவை; மணலில் சற்றுப் பெரியவை. நீர் அவற்றின் வழியே மெல்ல மெல்ல ஊர்ந்து மறுபக்கம் வந்து சேருகிறது. எனவே அணைக்காரர் கவனிக்க வேண்டியது, எவ்வளவு நீர் கசிகிறது, அது தெளிவாக இருக்கிறதா, கலங்கி இருக்கிறதா என்பதைத்தான்.

அமெரிக்க ஐக்கிய நாட்டின் ஜார்ஜியா மாநிலத்தில் டொக்கோவா என்று ஓர் ஊர் உண்டு. அங்கே 57 மீட்டர் உயரமுள்ள ஓர் அருவி. அருவியின் அடியில் ஒரு கல்லூரி. அருவிக்கு மேலே, ஓடையின் குறுக்கே, கெல்லி பார்ன்ஸ் அணை என்ற மண் அணை இருந்தது. உயரம் ஏறத்தாழ 12 மீட்டர், நீளம் 120 மீட்டர். தேங்கிய நீரின் பரப்பு 40 ஏக்கர்தான். நம் ஊர்ப்பக்கத்து ஏரிகள் பல இதைவிடப் பெரியவை!

1899-இல் சிறு மின்நிலையம் ஒன்றுக்காக அங்கே மரச்சட்டங்களுக்குள் கல்லை அடுக்கி ஓர் அணை போட்டார்கள். பின்னர் கல்லூரி அதை வாங்கி, 1937 முதல் அதன்மேல் மண்ணைக் கொட்டிக் கரையை உயர்த்தியது. 1957-இல் மின் உற்பத்தி நின்றது. அதன்பின் அந்த நீர்த்தேக்கம் மீன் பிடிக்கவும் பொழுது போக்கவுமே பயன்பட்டது. பயன் போன பொருளின்மேல் கவனமும் போய்விடுவது உலக வழக்கம்தானே.

1977 நவம்பர் தொடக்கத்தில் பெருமழை. 6-ஆம் தேதி நள்ளிரவு கழிந்து சுமார் ஒன்றரை மணிக்குக் கரை உடைந்தது. உச்ச நேரத்தில் விநாடிக்கு ஏறத்தாழ 680 கனமீட்டர் நீர் பாய்ந்தது. அருவியடியில் உறங்கிக்கொண்டிருந்த 39 பேர் மாண்டனர். அவர்களில் குழந்தைகள் பலர்.

காரணம் இந்த ஒன்றுதான் என்று விசாரணைக் குழுவால் அறுதியிட முடியவில்லை. அணையைக் கட்டியபோது வரைந்த திட்டப்படம் எதுவும் கிடைக்கவில்லை. ஆனால் ஐயத்துக்கு உரியவை பல இருந்தன. அவற்றைப் புரிந்துகொள்ளச் சற்று இயற்பியல் வேண்டும்.

நீரின் அழுத்தம் ஆழத்தைப் பொறுத்தது. ஏரி எவ்வளவு அகலம் என்பதைப் பொறுத்ததன்று. ஒவ்வொரு மீட்டர் ஆழத்துக்கும் ஒரு சதுர மீட்டரில் ஒரு டன் எடை வீதம் அழுத்தம் கூடும். 12 மீட்டர் ஆழத்தில் 12 டன்! இந்த அழுத்தமே நீரைக் கரைக்குள் தள்ளுகிறது. கசியும் நீர் வெளிவரும் இடத்தில் துகள்களையும் உடன் இழுத்து வந்தால் அங்கே ஒரு சிறு பொந்து விழும். பொந்து விழுந்ததால் நீர் வரும் பாதை குறுகும், ஓட்டம் விரைவாகும், இன்னும் மண் போகும். இப்படிப் பொந்து பின்னோக்கி வளர்ந்து வளர்ந்து ஒருநாள் ஏரியையே எட்டிவிடும். இதற்கு உள்ளரிப்பு என்று பெயர். தெளிந்த கசிவு அஞ்சத்தக்கதன்று. கலங்கிய கசிவு என்றால் கரையின் உள்ளிருந்து மண் போகிறது என்று பொருள்.

கெல்லி பார்ன்ஸ் கரையின் வெளிச்சரிவு மிகச் செங்குத்தானது. சில இடங்களில் 45 பாகை. நனைந்த மண் அவ்வளவு செங்குத்தாக நிற்காது. 1973-இலேயே அந்தச் சரிவில் ஒரு பகுதி சரிந்திருந்ததை ஒரு பழைய புகைப்படம் காட்டியது. கரையில் மரங்களும் வளர்ந்திருந்தன. மரம் கரையைப் பிடித்துக்கொள்ளாதா என்று நீங்கள் கேட்கலாம். உயிரோடு உள்ளவரை ஓரளவு பிடிக்கும். பட்டுப்போனால் வேர் மக்கும். வேர் இருந்த இடம் நீருக்குக் குழாயாகும். புயலில் வேரோடு சாய்ந்தாலோ கரையில் பெரும் பள்ளம். ஆகையால்தான் மண் அணைமேல் புல் மட்டுமே வளர விடுவார்கள். எலி, முயல் போன்றவை தோண்டிய வளைகளையும் உடனே மூடிவிடுவார்கள்.

மழைக்காலத்தில் மிகைநீர் வெளியேறும் கலிங்கு அடைபட்டாலோ போதாமல் போனாலோ நீர் கரைமேல் வழியும். மண் கரைக்கு இதைவிடக் கேடு இல்லை; சில மணி நேரத்தில் அறுத்துவிடும்.

1972-இல் மேற்கு வர்ஜீனியாவில் நிலக்கரி நிறுவனம் ஒன்றின் கழிவு அணை உடைந்து 125 பேர் இறந்தபோதே, அணைகளைச் சோதிக்க அந்நாட்டில் சட்டம் வந்தது. ஆனால் சோதிக்கப் பணம் ஒதுக்கவில்லை! டொக்கோவாவுக்குப் பிறகுதான் அதிபர் கார்ட்டர் உத்தரவிட்டார். 1978 முதல் 1981 வரை ராணுவப் பொறியாளர்கள் ஏறத்தாழ 9,000 அணைகளைப் பார்த்தனர். சுமார் மூன்றில் ஒரு பங்கு பாதுகாப்பற்றவை என்று தெரிந்தது. பெரும்பாலானவற்றில் கண்ட குறை, போதாத கலிங்குதான். இன்று அந்நாட்டின் பதிவேட்டில் 90,000-க்கு மேற்பட்ட அணைகள் உள்ளன. அவற்றில் பாதிக்கு மேல் தனியாருடையவை. பண்ணைக்காரர், சங்கம், கல்லூரி என்று உடைமையாளர் பலர். பழுது பார்க்கும் செலவு அவர்களுடையது. உடைந்தால் ஆபத்தோ கீழே இருப்பவருக்கு. இதனால்தான் அணையின் ஆபத்தை அதன் உயரத்தால் அளக்காமல், கீழே எத்தனை வீடுகள் உள்ளன என்பதால் அளக்கிறார்கள். சரியான முறை என்றே தோன்றுகிறது.

கசிவை அளக்க எளிய கருவி ஒன்று உண்டு. ஒரு தகட்டில் தலைகீழ் முக்கோணமாக வெட்டி, கசிவுநீர் அதன் வழியே வழியும்படி நிறுத்துவார்கள். வெட்டில் நீரின் உயரத்தை அளவுகோலால் பார்த்தால் போதும். உயரம் இரு மடங்கானால் நீரின் அளவு ஐந்தரை மடங்குக்கு மேல் கூடியிருக்கும். மழையே இல்லாத வாரத்தில் இப்படிக் கூடினால் உடனே பொறியாளரை அழைக்க வேண்டும்.

நீங்களும் செய்து பாருங்கள். ஒரு நீளமான தட்டின் நடுவே ஈர மணலால் கரை கட்டுங்கள். ஒரு பக்கம் மெதுவாக நீர் ஊற்றுங்கள். மறுபக்கத்தில் கரையின் அடி முதலில் நனையும். பிறகு சிறிது சிறிதாகச் சரியும். அடுத்து, சரிவைச் சாய்வாக அமைத்து மீண்டும் கட்டுங்கள். எவ்வளவு நேரம் கூடுதலாக நிற்கிறது என்று கடிகாரத்தில் குறியுங்கள். மூன்றாம் முறை கரையின் குறுக்கே, ஒரு முனையை மெழுகால் அடைத்த உறிஞ்சுகுழல் ஒன்றைப் புதைத்து வையுங்கள். குழலுக்குள் நீர் போகாது. ஆனால் குழலின் வெளிப்புறத்தை ஒட்டி, மணலுக்கும் குழலுக்கும் இடையே, நீர் வழி தேடுகிறதா என்று கூர்ந்து பாருங்கள்.