அடுப்புக்குப் படுக்கை விரித்தவர்கள்

 லாத்வியாவுக்குத் தெற்கே இருக்கிறது லித்துவேனியா. ஐரோப்பாவில் கிறிஸ்தவத்துக்குக் கடைசியாக வந்து சேர்ந்த அரசு இதுதான். போலந்து அரசி யாட்விகாவை மணந்து அந்நாட்டு அரியணையும் ஏறிய யோகாய்லா, 1387-இல் வில்னியூஸுக்குத் திரும்பி வந்து தன் மக்களுக்கு ஞானஸ்நானம் செய்வித்தார். வடமேற்கிலிருந்த சமோகித்தியாவுக்கு 1413-இல்தான் முறை வந்தது. பல பத்தாண்டுகள் கழித்து எழுதிய போலந்து வரலாற்றாசிரியர் யான் துவுகோஷ், அப்போது புனித நெருப்பை அணைத்தார்கள், புனிதச் சோலைகளை வெட்டினார்கள், மக்கள் வழிபட்ட பாம்புகளைக் கொன்றார்கள், ஞானஸ்நானம் பெற்றவர்களுக்குக் கம்பளிச் சட்டை கொடுத்தார்கள் என்கிறார். ஊர்ப்பொதுவில் இருந்தவை அந்த ஆண்டுகளில் குறிவைக்கப்பட்டன. ஆனால் அரசனின் ஆட்கள் அணைத்தது ஒரு நெருப்பைத்தான். வீட்டுக்கு வீடு எரிந்த அடுப்பை அவர்களால் அணைக்க முடியாது. அணைத்தால் அன்றைக்குச் சோறு கிடையாது. பழைய சமயம் போனபின் எஞ்சிய வழக்கங்கள், யாரோ ரகசியமாக ஒரு நம்பிக்கையைப் பூட்டிவைத்துக் காத்ததால் எஞ்சியவை அல்ல என்பது என் வாதம். அன்றாட வேலையோடும் குறித்த நாளின் சமையலோடும் பிணைந்திருந்ததால்தான் அவை எஞ்சின. அந்த வேலையைச் செய்ய ஆள் இருந்தவரை வழக்கமும் இருந்தது.

இதற்கு நல்ல சாட்சி சொல்பவர்கள் அந்த வழக்கங்களை வெறுத்தவர்களே. லித்துவேனிய மொழியில் அச்சேறிய முதல் புத்தகம், 1547-இல் கேனிக்ஸ்பெர்க் நகரில் மார்ட்டினாஸ் மாஷ்வீதாஸ் வெளியிட்ட லூத்தரன் ஞானோபதேச நூல். அதன் செய்யுள் முன்னுரை, மக்கள் எவற்றை விட்டொழிக்க வேண்டும் என்று பெயர் சொல்லிக் கேட்கிறது: வீட்டுக்குச் செல்வம் சுமந்துவரும் கௌகாய் என்ற குட்டி ஆவிகள், வீட்டுநிலத்தைக் காக்கும் ஜெமேபாதிஸ், வயலைக் காக்கும் லௌக்சார்காஸ். யோகாய்லாவின் ஞானஸ்நானத்துக்கு 160 ஆண்டுகள் கழித்து ஒரு போதகருக்குக் கவலை தந்தவை வீட்டையும் வயலையும் விட்டு நகராத தெய்வங்கள் என்பது கவனிக்கத் தக்கது. இரண்டு ஆண்டு கழித்து 1549-இல், ஆஸ்திரியத் தூதர் ஹெர்பெர்ஸ்டைன் தன் ரஷ்யப் பயண நூலில், சமோகித்தியர்கள் பல்லி போல நான்கு கால் கொண்ட கரிய பிராணிகளை வீட்டுத் தெய்வமாக வைத்து உணவூட்டுவதாக எழுதினார். 1569-இல் வில்னியூஸுக்கு வந்த இயேசு சபையினரும் நெருப்பு, மரம், பாம்பு வழிபாடுகள் பற்றி மேலிடத்துக்குப் புகார் எழுதிக்கொண்டே இருந்தார்கள். இந்தச் சாட்சியங்களை அப்படியே நம்பிவிட முடியாது என்பதும் உண்மை. 1615-இல் அச்சான யான் வாஸித்ஸ்கியின் நூல் சமோகித்தியக் கடவுளர் என்று நீண்ட பட்டியல் தருகிறது; அதில் பல பெயர்களை ஆய்வாளர்கள் ஐயத்தோடுதான் பார்க்கிறார்கள். பெயர்களில் குழப்பம் இருக்கலாம். இடத்தில் குழப்பம் இல்லை. ஆளுக்கு ஆள் வேறு நோக்கத்தோடு எழுதியும், மீண்டும் மீண்டும் வந்து நிற்கும் இடம் வீடு, கொட்டில், களஞ்சியம்.

அடுப்பு நெருப்பின் பெயர் கபியா. இரவில் வீட்டின் மூத்த பெண் தணலைக் கூட்டிக் குவித்து, மேலே சாம்பலைப் பரப்பி, அமைதியாக உறங்கு, வீட்டை விட்டு எங்கும் போகாதே என்று அதனிடம் வேண்டுவாள். நெருப்புக்குப் படுக்கை விரிப்பது என்றே அதைச் சொன்னார்கள். சில இடங்களில் அது கழுவிக்கொள்ளப் பக்கத்தில் சுத்தமான தண்ணீரும் வைத்தார்கள். நெருப்பில் துப்பக் கூடாது, மிதிக்கக் கூடாது. சமைக்கும்போது ஒரு சிட்டிகை உப்பு அதற்கும் உண்டு. இதில் பக்தி எது, பாதுகாப்பு எது என்று பிரித்துப் பாருங்கள், முடியாது. மரக்கட்டைச் சுவரும் வைக்கோல் கூரையுமான வீட்டில் ஒரு பொறி பறந்தால் ஊரே போய்விடும். தீக்குச்சி இல்லாத காலத்தில் தணல் அணைந்துவிட்டால் மறுநாள் காலை பக்கத்து வீட்டில் போய் நிற்க வேண்டும். சாம்பல் மூடுவது எப்படியும் செய்தே ஆகவேண்டிய வேலை. அந்த வேலையின் மேல் இரண்டு வார்த்தை மரியாதை ஏறி உட்கார்ந்தது. பாதிரியார் வந்து அந்த வார்த்தைகளை மாற்றச் சொன்னால், கபியாவை விட்டுவிட்டுச் சிலுவைக் குறி போட்டுக்கொண்டே சாம்பலை மூடலாம். கை செய்யும் வேலை அப்படியே இருக்கும்.

அப்படித்தான் நடந்தது என்பதற்கு புனித ஆகத்தாவின் ரொட்டி நல்ல உதாரணம். பிப்ரவரி 5 அந்தப் புனிதையின் திருநாள். அன்று கோயிலில் ஆசீர்வதித்த ரொட்டியை லித்துவேனியர்கள் வீட்டில் பத்திரப்படுத்துகிறார்கள். அது வீட்டைத் தீயிலிருந்து காக்கும் என்பது நம்பிக்கை. ஆகத்தா சிசிலித் தீவின் கத்தானியா நகரத்துப் பெண். எத்னா எரிமலையின் குழம்பைத் தடுத்தவள் என்று அங்கே பெயர் பெற்று, ஐரோப்பா முழுவதற்கும் தீக்குக் காவலானவள். எனவே இந்த ரொட்டி வேடம் மாறிய கபியா வழிபாடு என்று யாராவது சொன்னால் அது பாதி உண்மைகூட இல்லை. சிசிலியிலிருந்து திருச்சபை வழியாக வந்த வழக்கம் அது. ஆனால் அது வந்து இறங்கிய வீட்டில் நெருப்பை மதிக்கும் பழக்கம் ஏற்கெனவே இருந்தது, அதனால் சுலபமாக வேர் பிடித்தது. பிப்ரவரி 2-இல் ஆசீர்வதித்த மெழுகுவத்தியை இடி இடிக்கும்போது ஏற்றுவதும், குருத்தோலை ஞாயிறுக்கு எடுத்துப்போன ஜூனிப்பர் கொத்தைப் புயல் நேரத்தில் புகைப்பதும் இதே வகை. இடியின் கடவுளான பெர்கூனஸ் அங்கே இருக்கிறாரா, மரியன்னை இருக்கிறாரா என்று அந்த வீட்டுக்காரர்களைக் கேட்டால் கேள்வியே அவர்களுக்கு விநோதமாகப் படும்.

எல்லாவற்றிலும் வலுவாக நிற்பது கூச்சியோஸ், டிசம்பர் 24 இரவு விருந்து. மேசை மேல் உலர்ந்த புல்லைப் பரப்பி, அதன்மேல் வெள்ளைத் துணி விரிப்பார்கள். முதல் நட்சத்திரம் தெரிந்தபின் உட்கார வேண்டும். இறைச்சி, பால், முட்டை எதுவும் சேராத 12 உணவுகள்: ஹெர்ரிங் மீன், காளான், பீட்ரூட், கிரான்பெரிக் கூழ், வேகவைத்த தானியத்தில் தேனும் கசகசாவும் கலந்தது, பிறகு கூச்சுகாய் எனும் சின்னஞ்சிறு ரொட்டித் துண்டுகள் ஊறும் கசகசாப் பால். கோயிலில் ஆசீர்வதித்த மெல்லிய அப்பத்தை ஒருவர் கையிலிருந்து ஒருவர் பிட்டுத் தின்று தொடங்குவார்கள். அந்த ஆண்டு இறந்தவருக்கு ஓர் இடமும் மெழுகுவத்தியும் உண்டு. சாப்பிட்டு முடித்தபின் மேசையைத் துடைப்பதில்லை. இரவில் வரும் முன்னோருக்காக மிச்சத்தை அப்படியே விட்டுவிட்டுத் தூங்கப் போவார்கள். துணிக்கடியிலிருந்து ஒரு புல்லை உருவி, அதன் நீளத்தில் ஆயுளைக் குறி பார்ப்பதும் உண்டு. சோவியத் ஆட்சியில் டிசம்பர் 25 வேலை நாள். கிறிஸ்துமஸுக்குப் பதிலாகப் புத்தாண்டு மரமும் பனித்தாத்தாவும் அரசால் முன்னிறுத்தப்பட்டார்கள். குடும்பங்கள் திரைச்சீலையை இழுத்துவிட்டுக்கொண்டு கூச்சியோஸ் சாப்பிட்டன. ஊர்வலத்தைத் தடுக்கலாம், கோயிலைக் கிடங்காக்கலாம். ஒரு வீட்டில் கசகசாவை யாரும் இடிக்கக் கூடாது என்று சட்டம் போட எந்த அரசாலும் ஆகாது. இறந்தோர் நாளான வெலினேஸும் அப்படியே. கல்லறையில் விளக்கேற்றுவது குடும்பக் கடமை என்பதால் கூட்டம் கூடுவதைத் தடுக்க முடியவில்லை. 1956 நவம்பர் 2 அன்று கௌனஸிலும் வில்னியூஸிலும் விளக்கேற்ற வந்தவர்கள், அப்போது சோவியத் ஆதிக்கத்தை எதிர்த்துக் கிளர்ந்திருந்த ஹங்கேரிக்கு ஆதரவாக முழக்கமிட்டார்கள்.

இங்கே முக்கியமான மறுப்பு ஒன்று எழும். கூச்சியோஸில் புறச்சமயம் எங்கே இருக்கிறது? நோன்பு திருச்சபையுடையது, அப்பம் திருச்சபையுடையது, புல் பெத்லகேம் தொழுவத்தின் நினைவு என்று எந்தப் பாதிரியாரும் சொல்வார். போலந்திலும் உக்ரைனிலும் ஏறக்குறைய இதே விருந்து உண்டு. தேனும் தானியமும் கலந்த உணவை இறந்தோருக்குப் படைப்பது கிரேக்க ஆர்த்தடாக்ஸ் சபையிலும் உண்டு. 1871-இல் மானுடவியலாளர் எட்வர்ட் டைலர் முன்வைத்த 'எச்சங்கள்' என்ற கோட்பாடு, கிராமத்தில் காணும் பல வழக்கங்களைப் பழங்காலத்தின் மிச்சமாகக் காட்டியது. அவருக்குப் பின் ஜேம்ஸ் ஃபிரேசர் அதை இன்னும் தூரம் இழுத்துப்போனார். வரலாற்றாசிரியர் ரொனால்ட் ஹட்டன் 1996-இல் வெளியிட்ட நூலில் பிரிட்டனின் ஆண்டுச் சடங்குகளை ஆவணம் ஆவணமாகத் தேடிப் பார்த்து, பழையவை என்று நம்பப்பட்ட பலவற்றுக்கு அவ்வளவு பழைய சான்று கிடையாது என்று காட்டினார். ஈஸ்டருக்குப் பெயர் தந்ததாகச் சொல்லப்படும் ஏயோஸ்ட்ரே தேவிக்கு, 725-இல் எழுதிய பீட் என்ற துறவியை விட்டால் வேறு பழைய சாட்சி இல்லை. இந்த விமர்சனத்தை நான் முழுதாக ஏற்கிறேன். ஏற்பதால் என் வாதம் குறையவும் இல்லை. கிறிஸ்தவத்துக்கு முந்தையது என்று நிரூபித்தால்தான் ஒரு வழக்கத்துக்கு மதிப்பு என்று வைத்துக்கொண்டால், அதன் உயிர் ஆவணக் காப்பகத்தின் கையில் போய்விடும். நாளை ஓர் ஆய்வாளர் ஒரு தேதியைத் திருத்தினால் மேசையிலிருந்து எழுந்துவிட வேண்டியதுதானா? இறந்தவர்களும் நம்மோடு உண்கிறார்கள் என்ற உணர்வு அந்த மேசையில் இருக்கிறது. அது 1387-க்கு முன் வந்ததா பின் வந்ததா என்பது வரலாற்றுக்கு நல்ல கேள்வி. இன்று தட்டு வைப்பவருக்கு அது இரண்டாம் கேள்வி.

அப்படியானால் உண்மையாகவே பழைய தெய்வங்களை நம்புகிறவர்களை என்ன சொல்வது? 1967 கோடையில் கெர்னவே மேட்டில் ரசோஸ் என்ற நடுக்கோடை விழாவை மீண்டும் கொண்டாடியவர்களில் யோனஸ் திரின்கூனஸ் ஒருவர். பின்னால் பல்கலைக்கழக வேலையை இழந்தார். அந்த மரபில் வந்த ரோமுவா 1992-இல் சமயமாகப் பதிவானது. அரசு அங்கீகாரத்தை நாடாளுமன்றம் 2019-இல் மறுத்தது. 2021-இல் ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றம் அது தவறு என்றது. 2024 டிசம்பரில் அங்கீகாரம் கிடைத்தது. நியாயமாகக் கிடைக்க வேண்டியதுதான். 2011 கணக்கெடுப்பில் தம்மை இச்சமயத்தினர் என்று பதிந்தவர்கள் 5,100 சொச்சம். அதே கணக்கில் கத்தோலிக்கர் 77 விழுக்காடு. கூச்சியோஸ் மேசையில் உட்காருபவர்களில் பெரும்பாலோர் அந்த 77 விழுக்காட்டினர்தான். திரின்கூனஸும் அவர் தோழர்களும் தங்கள் சடங்குகளைக் கட்டியெழுப்ப எங்கே போனார்கள்? கிராமங்களுக்கு, பாட்டு அறிந்த மூதாட்டிகளிடம். அந்த மூதாட்டிகள் ஜெபமாலை உருட்டும் கத்தோலிக்கர்கள். நம்புகிறவர்களுக்கே மூலப்பொருள் வீட்டிலிருந்துதான் வந்தது.

இன்னொரு மறுப்பு கசப்பானது, அதைத் தவிர்க்கக் கூடாது. புறச்சமய வழக்கம் என்ற பெயரில் இன வெறியை வளர்த்த வரலாறு ஐரோப்பாவுக்கு உண்டு. நாஜித் தலைவர் ஹிம்லரின் எஸ்.எஸ். படை கிறிஸ்துமஸை ஒழித்து யூல் விழாவை வீடுகளுக்குள் புகுத்தப் பார்த்தது. உறுப்பினர் குடும்பங்களுக்குக் களிமண் விளக்குத்தூண் பரிசளித்தது. அதைச் செய்வதில் வதைமுகாம் கைதிகளின் உழைப்பும் சுரண்டப்பட்டது. இன்றும் அந்த விளக்கைத் தேடி வாங்குபவர்கள் இருக்கிறார்கள். வழக்கம் தன்னளவில் தூய்மையானது என்று சொல்லி நான் தப்பிக்க மாட்டேன். 'எங்கள் இரத்தத்தின் பழமை' என்று ஒரு வழக்கத்தை நியாயப்படுத்தத் தொடங்கியவுடன் அந்தப் பாதையில் கால் வைத்தாகிவிட்டது. பழமைக் கோரிக்கையைத் தளர்த்திப் பிடிக்க வேண்டும் என்று மேலே சொன்னதற்கு இதுவும் காரணம். பக்கத்து நாட்டுக்காரனும் இதே விருந்தை உண்கிறான், சிசிலிப் புனிதை எங்கள் அடுப்பைக் காக்கிறாள் என்று அறிந்த குடும்பத்தில் இரத்தப் பெருமைக்கு இடம் குறைவு.

என்னை அதிகம் யோசிக்க வைப்பது கடைசி மறுப்பு. வேலைதான் வழக்கத்தைக் காத்தது என்றால், யாருடைய வேலை? சாம்பலை மூடியவள் பெண். கசகசா இடித்தவள் பெண். லத்தீன் எழுத்தில் லித்துவேனிய மொழியை அச்சிட 1864 முதல் 1904 வரை ரஷ்யப் பேரரசு தடை விதித்தபோது, நூற்புச் சக்கரத்தின் முன் அமர்ந்தபடியே பிள்ளைக்கு எழுத்துக் கூட்டிப் படிக்கச் சொல்லித் தந்தவளும் அவளே. பெட்ராஸ் ரிம்ஷா அந்தக் காட்சியைச் சிற்பமாக வடித்தார். தேசம் அதைப் போற்றுகிறது. போற்றுதல் கூலி ஆகாது. அவள் வெளியே வேலைக்குப் போகிற இன்றைய காலத்தில் கூச்சுகாய் கடையில் பொட்டலமாக வருகிறது. மரபு மலிந்துவிட்டது என்று அதைக் குறைசொல்பவர்கள், இடிக்கும் உரலை யார் கையில் திருப்பிக் கொடுக்கிறார்கள் என்று பார்க்க வேண்டும். மண்ணடுப்பு போனபின் பெரும்பாலான வீடுகளில் கபியாவுக்குப் படுக்கை விரிப்பதும் போய்விட்டது. எரிவாயு அடுப்புக்கு யாரும் சாம்பல் போர்த்த முடியாது, நடிக்கவும் வேண்டாம். கூச்சியோஸ் நிற்பதற்குக் காரணம் இரவு உணவும் இறந்தவர்களின் நினைவும் இன்னும் வீட்டில் இருப்பதுதான். அந்த உணவின் வேலையைப் பங்கு போட்டால் அது இன்னும் நிற்கும். 12 என்ற எண்ணும் எல்லா வட்டாரத்திலும் எல்லாக் காலத்திலும் ஒரே மாதிரி இருந்ததில்லை. 9 என்றும் 13 என்றும் பதிவுகள் உண்டு. ஒருத்தி இரண்டு நாள் அடுப்படியில் நின்று 12 செய்வதைவிட, அப்பாவும் பிள்ளைகளும் சேர்ந்து ஏழு செய்து, துணிக்கடியில் புல்லைப் பரப்பி, இறந்தவருக்கு ஒரு தட்டு வைத்தால், அதை மரபு மீறல் என்று சொல்ல எந்த ஆவணமும் இல்லை.