முதியோர் இல்லத்தில் வாந்தி பேதி



உங்களைப் பெற்றவர்கள் முதியோர் இல்லத்தில் இருக்கலாம். அல்லது உங்களில் ஒருவர் அங்கே ஆயா வேலைக்கோ சமையலுக்கோ போகலாம். அப்படியானால் இது உங்களுக்குத்தான்.

முதல் நாள் ஒரு பாட்டிக்கு வாந்தி. மறுநாள் பக்கத்துக் கட்டில்காரர்களுக்கு. அதற்கடுத்த நாள் ஆயாவுக்கும். "சோத்துல ஏதோ விழுந்துடுச்சு" என்பார்கள். அப்படியும் இருக்கலாம். ஆனால் ஆள் மாற்றி ஆள் இப்படிப் பரவினால் நோரோ வைரஸ் என்ற கிருமியைச் சந்தேகிக்க வேண்டும். 1968-ல் அமெரிக்காவின் நார்வாக் ஊர்ப் பள்ளியொன்றில் பரவிய நோயை ஆராய்ந்து 1972-ல் இதைக் கண்டுபிடித்தார்கள். ஊர்ப்பெயரே கிருமிக்கும் வந்தது.

வாந்தியிலும் மலத்திலும் இது கோடிக்கணக்கில் இருக்கும். தொற்றிக்கொள்ள நூறுகூட வேண்டாம். தொற்றிய 12 முதல் 48 மணி நேரத்தில் நோய் காட்டும். இரண்டு மூன்று நாளில் அடங்கும். இளவட்டங்களுக்கு அதோடு சரி. வயசானவர்களுக்கு அப்படியில்லை. அவர்களுக்குத் தாகம் அவ்வளவாகத் தெரியாது. கக்கூசுக்கு எழுந்து போகப் பயந்தே சிலர் டம்ளரைத் தள்ளிவிடுவார்கள். உடம்பில் நீர் வற்றுவதுதான் உயிருக்கு ஆபத்து.

ஆகவே ஓ.ஆர்.எஸ். பொட்டலத்தை, அதில் போட்டிருக்கும் அளவுப்படி, கொதித்து ஆறிய தண்ணீரில் கரைத்து, வாந்தி எடுத்தாலும் சற்றுப் பொறுத்து, ஸ்பூன் ஸ்பூனாகக் கொடுங்கள். ஆரம்ப சுகாதார நிலையத்தில் கிடைக்கும். ஊசி போட்டால் நின்றுவிடும் என்று நம்ப வேண்டாம். இந்த வைரசைக் கொல்ல ஊசி மருந்து கிடையாது.

கையில் தடவும் சானிடைசரை மட்டும் நம்பாதீர்கள். இந்தக் கிருமி அதற்கு அவ்வளவாக மசியாது. சோப்புப் போட்டுத் தண்ணீரில் நன்றாகத் தேய்த்துக் கழுவ வேண்டும். வாந்தி விழுந்த இடத்தைப் பழந்துணியால் வழித்தெடுத்துவிட்டு, 1 லிட்டர் தண்ணீருக்கு 15 கிராம் பிளீச்சிங் பவுடர் கலந்து துடையுங்கள். கையுறை அவசியம்.

வேலைக்குப் போகிறவருக்கு நோய் கண்டால், வாந்தி பேதி நின்று 48 மணி நேரம் ஆகும்வரை போகக்கூடாது. "கூலி போயிடுமே" என்பது நியாயமான கவலைதான். அந்த நாட்களுக்குச் சம்பளம் பிடிக்காத இல்லம்தான் நோயைத் தடுக்கும் இல்லம். இதை நிர்வாகியிடம் தயங்காமல் கேளுங்கள். பெற்றவர்களைப் பார்க்கப் போகிறவர்களுக்கும் இதே கணக்கு. பேத்திக்கு வயிறு சரியில்லை என்றால் அந்த வாரம் போக வேண்டாம்.

சிறுநீர் நின்றுபோனாலோ, பேச்சு தடுமாறினாலோ, மலத்தில் ரத்தம் கண்டாலோ 108-க்குச் சொல்லி உடனே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோங்கள்.