பழைய வெள்ளிச் சுரங்கங்கள் புத்துயிர் பெறுமாறு

குழந்தையின் அரைஞாண் முதல் மணமகளின் காற்சிலம்பு ஈறாக வெள்ளி நம் வாழ்வோடு கலந்து நிற்பது. கல்முனைக் கடைத்தெருவில் அதனை வாங்குவோர் நிறையையும் தரத்தையும் வினவுவர். அது எம்மலையின் வயிற்றிலிருந்து வந்தது என வினவுவார் அரியர். நம் இலங்கையிலேயே குருநாகல் மாவட்டத்தில் இரிதிகம என்றோர் ஊர் உண்டு. வெள்ளியூர் என்பது அப்பெயரின் பொருள். துட்டகைமுனு மன்னன் அநுராதபுரத்துப் பெருந் தாதுகோபத்தைக் கட்டுவித்த காலத்தே வெள்ளி தானே வெளிப்பட்டது என்று மகாவமிசம் கூறும். அவ்விடத்தே எழுந்தது இரிதி விகாரை என்பது மரபு.

இத்தகைய செய்தியைக் கேட்டவுடன் மண்வெட்டியைத் தூக்கிக்கொண்டு புறப்படுவாரும் உளர். வெறுங்கதை என்று தள்ளிவிடுவாரும் உளர். இருசாராரும் செய்யாது விடுவது ஒன்றே. அது சோதித்துப் பார்த்தல். கைவிடப்பட்ட சுரங்கமொன்று மீண்டும் பயன்தருமா என்பதை இக்கால அறிவியல் எவ்வாறு சோதிக்கின்றது என்பதனை ஈண்டுச் சுருக்கமாக ஆராய்வோம்.

முன்னோர் ஒரு சுரங்கத்தை ஏன் விட்டகன்றனர் என்பதே முதல் வினா. தாது முற்றாகத் தீர்ந்திருக்கலாம். அங்ஙனமாயின் நமக்கு அங்கே வேலையில்லை. ஆனால், ஊற்றுநீர் பெருகி அதனை இறைத்து மாளாமையாலும், ஆழத்தில் காற்றோட்டம் இன்மையாலும், உருக்குதற்கு வேண்டிய விறகு அருகியமையாலும், போரும் பஞ்சமும் மக்களைத் துரத்தியமையாலும் சுரங்கங்கள் பல மூடுண்டன. இக்காரணங்களால் மூடப்பட்டவிடத்துத் தாது இன்னும் எஞ்சியிருத்தல் கூடும். நீரிறைக்கும் பொறியும் மின்விசையும் படைத்த நமக்கு முன்னோரின் தடை தடையாகாது.

பர்மாவின் வடபாலுள்ள போட்வின் இதற்குத் தக்க சான்று. பதினைந்தாம் நூற்றாண்டின் தொடக்கம் முதல் 1868 வரை சீனர் அங்கே வெள்ளி எடுத்தனர். அவர்களுக்கு வேண்டியது வெள்ளியே. ஈயம் மிகுந்த கசடு மலைபோற் குவிந்து கிடந்தது. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் வந்த பொறியியலாளர் முதலில் அக்கசட்டையே மீண்டும் உருக்கி ஈயம் பெற்றனர்; பின்னரே பழைய குழிகளின் கீழே சென்று பெருந் தாதுப்படிவைக் கண்டனர். பிற்காலத்தில் அமெரிக்க சனாதிபதியாகிய ஹேபட் ஹூவர் அம்முயற்சியில் ஈடுபட்டவர்களுள் ஒருவர். முன்னவர் எறிந்த குப்பையே பின்னவர்க்கு முதலாயிற்று.

1942 இல் யப்பானியர் பர்மாவைக் கைப்பற்றவே, ஈயத்துக்கு வழியின்றி இந்தியா தன் பழஞ்சுரங்கங்களை நோக்கியது. இராசத்தானில் உதயப்பூருக்குத் தெற்கே சாவார் என்னும் இடத்தில் ஈயமும் வெள்ளியும் நாகமும் நெடுங்காலம் எடுக்கப்பட்டன. மேவார் மன்னர் இலாக்காவின் காலத்தோடு அச்சுரங்கங்களின் புகழ் இணைத்துப் பேசப்படும். பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் போரும் பஞ்சமும் அவற்றை வெறுமையாக்கின. போர்க்காலத்தே இந்தியப் புவிச்சரிதவியலாளர் அங்கு ஆய்வு தொடங்கினர். 1966 இல் இந்திய அரசு இந்துத்தான் நாகக் கூட்டுத்தாபனத்தை நிறுவி அப்பணியை மேற்கொண்டது. அந்நிறுவனம் 2002 இல் தனியார் ஆட்சிக்கு மாறிற்று. அதே மாநிலத்தின் தரீபாவில், இற்றைக்கு இரண்டாயிரம் ஆண்டுகளுக்கும் முற்பட்ட மரத்தாங்கிகள் பழஞ்சுரங்கத்தின் ஆழத்திற் கிடைத்தன. அப்பகுதியிலிருந்து இன்றும் வெள்ளி வருகின்றது.

ஏமன் நாட்டிலும் இத்தகையதோர் வரலாறு உண்டு. பத்தாம் நூற்றாண்டில் வாழ்ந்த அல்ஹம்தானி என்னும் அறிஞர் பொன், வெள்ளி என்பன பற்றித் தாம் எழுதிய அரபு நூலில் அர்ரத்ராத் என்னும் வெள்ளிச் சுரங்கத்தை விவரித்துள்ளார். அந்நூலைத் துணைக்கொண்டு இருபதாம் நூற்றாண்டின் பிற்பகுதியிற் சென்ற ஆய்வாளர் ஜபலி என்னுமிடத்துப் பழைய குழிகளையும் கசட்டையும் அச்சுரங்கமெனக் கண்டனர். ஏட்டறிவும் நிலத்தறிவும் ஒன்றையொன்று தேடிச் சேர்ந்த இடம் அது.

இனி ஆய்வின் முறையைக் காண்போம். முதற்படி அடையாளம் காணுதல். கசடும் மூசையும் கரியும் சாம்பலும் கிடக்குமிடத்தே பழஞ்சுரங்கம் உண்டென அறிக என்னும் கருத்தை அர்த்தசாத்திரமே கூறியுள்ளது. இக்காலத்தாரும் அங்ஙனமே தொடங்குவர். குழிகளின் வரிசை, பாறையின் நிறம், தாது செல்லும் திசை, அது நிலத்துள் சாய்ந்திறங்கும் கோணம் ஆகியவற்றை அளந்து படம் வரைவர்.

இரண்டாம் படி மாதிரி எடுத்தல். நெல் வாணிகர் செய்வதை நோக்குக. மூடையின் வாயில் மேலாகக் கிடக்கும் நெல்லைப் பார்த்து அவர் விலைபேசார். கூரிய குழாயை மூடையின் நடுவிலே செருகி எடுத்துப் பார்ப்பர். ஒரு மூடையோடு நில்லாது பல மூடைகளிலும் பார்ப்பர். சுரங்கத்திலும் நியதி அதுவே. பளபளக்கும் கல்லை மட்டும் பொறுக்கியெடுப்பவன் தன்னையே ஏமாற்றிக்கொள்கின்றான். தாதுநரம்பின் ஒரு கரைதொட்டு மறுகரை வரை, ஒரே அகலமும் ஆழமும் உடையதாய்க் கால்போல் வெட்டி, வீழ்ந்த தூள் முழுவதையும் சேர்த்தெடுத்தல் வேண்டும். அதனை இடித்துக் கலந்து, கூம்பாகக் குவித்து, நான்காகப் பகுத்து, எதிரெதிரான இருபங்கைக் கொண்டு ஏனையவற்றை நீக்கிச் சிறிதாக்குவர்.

பழைய குழி எட்டிய ஆழத்துக்கும் கீழே என்ன உண்டு என்பதை அறிய மூன்றாம் படி உதவும். அது வைரத்துளையிடல். உட்டுளையுள்ள உருக்குக் குழாயின் முனையில் வைரத்துணுக்குகள் பதித்த வளையம் பொருத்தப்பெறும். குழாய் சுழன்றிறங்கும்போது பாறை வட்டமாய் அறுபட்டு, நடுவிலுள்ள கல் தண்டுபோலக் குழாயினுள் ஏறும். உள்ளே செலுத்தும் நீர் முனையின் வெப்பத்தைத் தணித்துத் தூளை வெளிக்கொணரும். எடுத்த கற்றண்டுகளைப் பெட்டியில் வரிசையாக அடுக்கி, ஒவ்வொன்றும் எவ்வாழத்தது எனக் குறித்து, நீளவாக்கில் இருபாதியாக அறுப்பர். ஒருபாதி சோதனைசாலைக்குச் செல்லும். மறுபாதி பெட்டியிலே சான்றாக இருக்கும்.

சோதனைசாலையில் வெள்ளியை ஈயத்தோடு உருக்கி, எலும்புச் சாம்பற் கிண்ணத்தில் இட்டுக் காய்ச்சுவர். ஈயம் காற்றோடு சேர்ந்து கிண்ணத்தில் ஊறிவிட, வெள்ளி ஒரு மணியாக எஞ்சும், அதனை நிறுப்பர். முன்னோர் கைக்கொண்ட முறையின் வழிவந்ததே இதுவும்.

கணக்கிடுதல் நான்காம் படி. ஒரு துளையிலே முதல் 1 மீற்றரில் தொன்னுக்கு 90 கிராமும், அடுத்த 2 மீற்றரில் 300 கிராமும், இறுதி 1 மீற்றரில் 30 கிராமும் வெள்ளி கிடைத்ததாகக் கொள்வோம். மூன்றெண்ணையும் கூட்டி மூன்றாற் பிரித்தால் 140 வரும், அது பிழை. நீளத்தாற் பெருக்கிக் கூட்டின் 720. மொத்த நீளமாகிய 4 ஆற் பிரிக்க 180 கிராம் என்பதே சரியான சராசரி. மேலும், செங்குத்தாக நிற்கும் நரம்பைக் கிடையோடு 60 பாகை சாய்ந்த துளை குறுக்கே கடந்தால், 4 மீற்றர் கற்றண்டு குறிப்பது 2 மீற்றர் அகலத்தையே. இதனை மறந்தவன் தாதுவை இருமடங்காகக் காண்பான்.

இவ்வகலம் 200 மீற்றர் நீளத்துக்கும் 100 மீற்றர் ஆழத்துக்கும் தொடருமெனப் பல துளைகள் காட்டினால், கனவளவு 40,000 கனமீற்றர். ஒரு கனமீற்றர் 3 தொன் எனின் தாது 120,000 தொன். அதிலுள்ள வெள்ளி 21.6 தொன். இதிலிருந்து முன்னோர் அகழ்ந்தெடுத்த வெற்றிடத்தைக் கழித்தல் வேண்டும். உருக்கும்போது வீணாவதையும் கழித்தல் வேண்டும். பின்னர் நீரிறைப்பு, கூலி, மின்விசை ஆகிய செலவோடு ஒப்பிட்ட பின்னரே சுரங்கம் உயிர்க்குமா என்று கூறலாம். ஒரே துளையைக் கொண்டு இவ்வெண்களைப் பறைசாற்றுதல் பொய்க்கு அடுத்த படியாம்.

பொய்யே நிகழ்ந்ததும் உண்டு. கனடாவின் பிறெ-எக்ஸ் என்னும் நிறுவனம் இந்தோனேசியாவின் போர்ணியோக் காட்டில் பெரும் பொன்வயலைக் கண்டதாக அறிவித்தது. மாதிரித் தூளிலே பொன் கலக்கப்பட்டிருந்தமை 1997 இல் வெளியாயிற்று. கற்றண்டுகளைப் பாதியாக வைத்துக்கொள்ளாது முழுமையும் இடித்துவிட்டமையால் மீளச் சோதித்தற்குச் சான்று எஞ்சவில்லை. வேறொரு நிறுவனம் அருகே புதிதாகத் துளையிட்டபோதே உண்மை விளங்கிற்று. நம்பிப் பணமிட்டோர் பலர் தம் சேமிப்பை இழந்தனர். பெட்டியிலே கிடக்கும் அந்த மறுபாதிக் கல்லின் மதிப்பு இப்போது விளங்குமன்றோ?

பணத்தினும் பெரியதொன்று நீர். வெள்ளியோடு ஈயமும் கந்தகமும் கூடியிருத்தல் பெரும்பான்மை. மூடிய சுரங்கத்தைத் திறந்து நீரை வெளியேற்றும்போதும், கசட்டைக் கிளறும்போதும் நஞ்சு ஓடைகளிற் கலக்கலாம். கல்லோயா நீரால் விளையும் வயல்களையும் கடலையும் நம்பி வாழும் நமக்கு இதன் பொருள் எளிதில் விளங்கும். ஆதலின் தாதுவின் மாதிரியோடு கிணற்று நீரின் மாதிரியையும் தொடக்கத்திலேயே எடுத்து வைத்தல் நேர்மையாளர் கடன்.

நம் கிழக்கிலங்கையில் திருகோணமலை மாவட்டத்துச் சேருவிலையில் செம்பும் காந்தக்கல்லும் கலந்த தாதுப்படிவு 1971 இல் கண்டறியப்பட்டுத் துளையிட்டு ஆராயப்பட்டது. அத்தகைய பணிகளுக்கு நம் கல்லூரி மாணவர் செல்லும் நாள் வரல் வேண்டும். காரைதீவிற் பிறந்த விபுலானந்த அடிகள் அறிவியல் கற்பித்தவர். தமிழிற் கலைச்சொற்கள் ஆக்கும் பணியிலும் உழைத்தவர். அவர் பிறந்த மண்ணிலே பிறந்தோர்க்கு அறிவியலும் தமிழும் இரண்டல்ல.

பழைய மாணவர்களாகிய நாம் இவ்விழாவில் நினைத்தற்குரியது ஒன்றுண்டு. முன்னோர் விட்டுச்சென்றதை வெறுங்கதையென இகழாமலும், கேட்டவாறே நம்பி ஓடாமலும், அளந்து, நிறுத்து, மறுபாதியைச் சான்றாக வைத்து முடிவுகாணும் பழக்கத்தையே கல்லூரி நமக்குக் கற்பித்தது. அப்பழக்கம் உள்ளவிடத்துப் பழஞ்சுரங்கம் பயன்தரினும் தராவிடினும் மக்கள் ஏமாறார்.