ஒலிப்பதிவுக் கூடத்தில் பீட்டில்ஸ்

மேடையில் எழும் சிறு பிழைகளைக் கூட்டத்தின் ஆரவாரம் மறைத்துவிடும். ஒலிவாங்கியோ எதையும் மறைப்பதில்லை. லிவர்பூலைச் சேர்ந்த பீட்டில்ஸ் இசைக்குழுவினர் இதனை 1962ஆம் ஆண்டு இலண்டனில் உணர்ந்தனர்.

செப்டம்பர் 4 அன்று ‘லவ் மீ டூ’ என்னும் பாடல் பதிவாயிற்று. குழுவிற்குப் புதிதாக வந்திருந்த ரிங்கோ ஸ்டாரின் டிரம்ஸ் வாசிப்பு தயாரிப்பாளருக்கு நிறைவளிக்கவில்லை. ஒரு வாரத்திற்குப் பின் அதே பாடலுக்கு வேறொரு கலைஞர் வாசித்தார்; ரிங்கோவிடம் கஞ்சிரா போன்ற தம்புரின் மட்டுமே தரப்பட்டது. அது சிறிய அவமானம் அன்று. ஆயினும் அவர் விலகவில்லை.

‘ப்ளீஸ் ப்ளீஸ் மீ’ பாடலை முதலில் மிக மெதுவாகவே அமைத்திருந்தனர். அதனை விரைவுபடுத்துமாறு தயாரிப்பாளர் ஜார்ஜ் மார்ட்டின் கூறினார். நவம்பர் 26 அன்று அப்பாடல் பதிவானபோது ரிங்கோவே டிரம்ஸ் வாசித்தார். அடுத்த பிப்ரவரியில், தங்கள் முதல் இசைத்தட்டுத் தொகுப்பிற்கான பத்துப் பாடல்களை அக்குழுவினர் ஒரே நாளில், காலை தொடங்கி இரவுக்குள் பதிவுசெய்து முடித்தனர்.