வாங்கிய வீட்டில் பராமரிப்பற்ற நீச்சல் குளம்: நீரைச் சீர்செய்யும் முறை

சேலம், நாமக்கல் பகுதிகளில் தோட்டத்துடன் கூடிய பழைய வீட்டை வாங்குவோருக்குச் சில வேளைகளில் பல மாதங்களாகக் கவனிப்பாரற்ற நீச்சல் குளமும் சேர்ந்து வருகிறது. நீரைப் பரிசோதித்துச் சீர்செய்யும் வரை அதில் எவரும் இறங்கலாகாது.

ஆபத்துகள் யாவை?

முதல் ஆபத்து மூழ்குதல். அடி தெரியாத நீரில் மூழ்கிய குழந்தையைக் கண்டறிவது கடினம். எனவே வீட்டுக்குக் குடிவரும் முன்னரே குளத்தைச் சுற்றிப் பூட்டக்கூடிய வேலி அமையுங்கள்.

தேங்கிய நீரில் டெங்கு பரப்பும் ஏடிஸ் கொசு ஏறத்தாழ 7 முதல் 10 நாட்களில் முட்டையிலிருந்து முழு வளர்ச்சி அடையும்.

குளோரின் இல்லாத வெதுவெதுப்பான நீரில் வாழும் நெக்லேரியா எனும் அமீபா, மூக்கின் வழியே மூளையைத் தாக்கக்கூடும். இந்நோய் மிக அரிது. ஆயினும் பெரும்பாலும் உயிரைப் பறிப்பது. இதன் பரவலைத் தடுக்க 2025 ஆகஸ்டில் கேரளம் கிணறுகளிலும் நீர்த்தொட்டிகளிலும் குளோரின் இடும் இயக்கத்தை நடத்தியது.

சீர்செய்யும் வரிசை

1. பச்சை படிந்த நீரை முழுவதும் இறைத்து வெளியேற்றுங்கள். கிணற்றிலோ ஏரியிலோ விடாதீர்கள். கையுறையும் காலணியும் அணிந்து சேற்றை அகற்றி, சுவர்களைத் தேய்த்துக் கழுவுங்கள். வடிகட்டியையும் சுத்தம் செய்யுங்கள்.

2. புதிய நீரை நிரப்பியதும் பி.எச். அளவை 7.2 முதல் 7.8 வரை கொண்டுவாருங்கள். பி.எச். 8.5 ஆனால் இட்ட குளோரினில் ஏறத்தாழ பத்தில் ஒரு பங்கே கிருமிகளை வீரியத்துடன் கொல்லும். ஆகவே குளோரினுக்கு முன் பி.எச். அளவைச் சரிசெய்வது இன்றியமையாதது.

3. நம் பகுதியின் ஆழ்துளைக் கிணற்று நீர் பல இடங்களில் கடினமானது. பிளீச்சிங் பவுடர் மேலும் சுண்ணாம்பைச் சேர்க்கும்; எனவே சோடியம் ஹைப்போகுளோரைட் கரைசல் ஏற்றது. 50,000 லிட்டர் நீரில் குளோரினை லிட்டருக்கு 1 மில்லிகிராம் உயர்த்த, 10 சதவீதக் கரைசல் சுமார் அரை லிட்டர் தேவை. முதல் முறை 10 மில்லிகிராம் வரை உயர்த்தி, வடிகட்டியை இடைவிடாது இயக்குங்கள்.

4. குளோரின் அளவு 1 முதல் 3 மில்லிகிராமுக்குக் குறைந்து, பி.எச். வரம்புக்குள் நின்று, குளத்தின் அடி தெளிவாகத் தெரிந்தால் மட்டுமே இறங்கலாம். நீர் தெளிவாக இருப்பது மட்டும் போதாது. பரிசோதனைப் பெட்டியால் நாள்தோறும் அளவிடுங்கள்.

செய்யக்கூடாதவை

அமிலத்தையும் குளோரின் மருந்தையும் ஒருபோதும் கலக்காதீர்கள். நுரையீரலைத் தாக்கும் நச்சு வாயு எழும். வெவ்வேறு வகைக் குளோரின் மருந்துகளையும் ஒன்றாகச் சேர்க்காதீர்கள். மருந்தை நீரில் இடுங்கள். மருந்தின் மீது நீரை ஊற்றாதீர்கள். அனைத்தையும் குழந்தைகளுக்கு எட்டாத இடத்தில் பூட்டி வையுங்கள்.

எப்போது மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும்?

• வாயுவை முகர்ந்து இருமலோ மூச்சுத்திணறலோ ஏற்பட்டால், திறந்த வெளிக்குச் சென்று 108ஐ அழையுங்கள்.

• கண்ணில் மருந்து பட்டால், குறைந்தது 15 நிமிடம் ஓடும் நீரில் கழுவிவிட்டு மருத்துவரை அணுகுங்கள்.

• நீரில் இறங்கி 12 நாட்களுக்குள் காய்ச்சல், கடும் தலைவலி, வாந்தி, கழுத்து விறைப்பு தோன்றினால் உடனே மருத்துவமனைக்குச் செல்லுங்கள். குளத்தில் இறங்கியதை மருத்துவரிடம் தாமாகவே கூறுங்கள். 2024இல் கோழிக்கோடு மாவட்டத்தில் 14 வயதுச் சிறுவர் இந்நோயிலிருந்து உயிர் பிழைத்ததற்கு, விரைந்து கண்டறிந்து சிகிச்சை தொடங்கியது முக்கியக் காரணமாகும்.