மினி ஃப்ரிட்ஜ் வாங்கப் போறீங்களா? இடத்தை அளக்கிறதுக்கு முன்னாடி இதைப் படிங்க!

போன வருஷம், அக்னி நட்சத்திரம் தொடங்கிய வாரம். மயிலாப்பூரில் பாட்டி வீட்டுக்குப் போயிருந்தேன். அவர் அறையிலிருந்து 'உர்ர்ர்' என்று ஒரு சத்தம் வந்துகொண்டே இருந்தது. "ராத்திரி பூரா இதே பாட்டுதான்டி. நிக்கவே மாட்டேங்குது" என்றார் பாட்டி.

பாடியது, நாங்கள் ஆசையாக வாங்கிக் கொடுத்த மினி ஃப்ரிட்ஜ். பாட்டிக்கு முழங்கால் வலி. இன்சுலின் எடுக்க ஒவ்வொரு முறையும் சமையலறை வரை நடக்க வேண்டாமே, கட்டிலுக்குப் பக்கத்திலேயே இருக்கட்டுமே என்று வாங்கினோம். (கடையில் இதற்கு 'பார் ஃப்ரிட்ஜ்' என்றும் ஒரு பேர் உண்டு. அதைக் கேட்டு பாட்டி பதறியது தனிக்கதை.) பழைய ஃபிளாட், சின்ன அறை. அதனால் கப்போர்டுக்குள் அளவெடுத்து, சுற்றிலும் ஒரு விரல்கூட நுழையாதபடி பொருத்தச் சொன்னோம். 'எவ்வளவு கச்சிதமா இருக்கு' என்று எல்லோரும் மெச்சினோம்.

சந்தேகத்தில் உள்ளே ஒரு தெர்மாமீட்டரை வைத்துப் பார்த்தேன். 14 டிகிரி! திறக்காத இன்சுலின் இருக்க வேண்டியது 2 முதல் 8 டிகிரிக்குள். டாக்டருக்கு போன் போட்டோம். "அதைப் போடாதீங்க, புதுசு வாங்கிக்குங்க" என்றார். ஃப்ரிட்ஜில் எந்தக் கோளாறும் இல்லை. கோளாறு, நாங்கள் மெச்சிய அந்தக் கச்சிதத்தில்தான்.

மெரினா பக்கம் போனால் ஐஸ் ஹவுஸைப் பார்த்திருப்பீர்கள். இப்போது விவேகானந்தர் இல்லம். 1842-ல் அமெரிக்க ஐஸ் வியாபாரி ஃபிரெட்ரிக் டியூடர் கட்டியது. அமெரிக்க ஏரிகளில் வெட்டிய பனிக்கட்டியை மரத்தூளில் பொதிந்து, கப்பலில் கொண்டுவந்து அங்கே வைத்தார்கள். அந்தக் கட்டடத்துக்கு ஒரே வேலைதான். வெளிச்சூடு உள்ளே வரக்கூடாது. அதனால் எவ்வளவு இறுக்கமாக மூடியிருந்ததோ அவ்வளவு நல்லது. பிற்பாடு பிலிகிரி ஐயங்கார் அதை வாங்கி வீடாக மாற்றியபோது, ஜன்னலும் வராந்தாவும் சேர்க்க வேண்டியிருந்தது.

நாமும் ஃப்ரிட்ஜை ஒரு குட்டி ஐஸ் ஹவுஸ் என்றே நினைத்துக்கொள்கிறோம். அங்கேதான் தப்பு. ஃப்ரிட்ஜ் குளிர்ச்சியை 'உண்டாக்குவது' இல்லை. உள்ளே இருக்கும் சூட்டை அள்ளி வெளியே கொட்டுகிறது; கூடவே கம்ப்ரஸர் ஓடுகிற சூடும் சேர்ந்து வெளியே வருகிறது. கொட்ட இடமில்லாவிட்டால் அந்தச் சூடு ஃப்ரிட்ஜையே சுற்றிச் சுற்றி வரும். கம்ப்ரஸர் நிற்காது, கரன்ட் பில் ஏறும், உள்ளே குளிர் மட்டும் இறங்காது. ஆகவே கடைக்குப் போகும் முன் 'இது இங்கே நுழையுமா' என்பதோடு, 'இதன் சூடு எந்த வழியாக வெளியே போகும்' என்றும் யோசித்துவிடுங்கள்.

அந்தச் சூடு எந்தப் பக்கம் வருகிறது? பழைய ஃப்ரிட்ஜ்களில் பின்பக்கம் கறுப்புக் கம்பிவலை மாதிரி ஒன்று இருக்குமே, அதுதான் கண்டென்ஸர். அது சுவரைப் பார்த்து இருந்ததால் பின்னால் இடம் விட்டால் போதும் என்று நமக்குப் பழகிவிட்டது. இப்போது வரும் பல மினி ஃப்ரிட்ஜ்களில் அந்தக் குழாய் பக்கவாட்டுத் தகட்டுக்குள் ஒளிந்திருக்கிறது. ஓடும்போது பக்கவாட்டில் கை வைத்தால் சுடும். ரிப்பேர் என்று பயப்பட வேண்டாம், அது அப்படித்தான். ஆனால் அந்தப் பக்கங்களைக் கப்போர்டு பலகையோடு ஒட்டிவைத்தால் கம்பளி போர்த்திவிட்ட மாதிரிதான்.

எவ்வளவு இடைவெளி என்பது மாடலுக்கு மாடல் மாறும். கையேட்டில் போட்டிருப்பார்கள், அதுவே கணக்கு. பொதுவாகப் பின்னால் 10 சென்டிமீட்டர், இரு பக்கமும் 5 முதல் 10, மேலே 10 என்று விட்டால் தப்பில்லை. 45 சென்டிமீட்டர் அகல ஃப்ரிட்ஜுக்கு 60 சென்டிமீட்டராவது இடம் தேவை என்று வைத்துக்கொள்ளுங்கள். கதவு எந்தப் பக்கம் திறக்கும், கட்டில் இடிக்குமா என்பதையும் சேர்த்து அளந்துவிடுங்கள். மேலே மைக்ரோவேவ், துணி மூட்டை எதுவும் வேண்டாம்.

'இல்லைங்க, கப்போர்டுக்குள்தான் வைக்கணும்' என்பவர்களுக்கு இரண்டு வழி. ஒன்று, பில்ட்-இன் மாடல். அதில் சூடான காற்று முன்பக்கம் கீழே இருக்கும் ஜாலி வழியாக வெளியேறும். விலை அதிகம், நம்மூர்க் கடைகளில் குறைவாகத்தான் கிடைக்கும். இன்னொன்று, இருக்கிற கப்போர்டுக்கே மூச்சு விட வழி செய்வது. கீழே ஒரு திறப்பு, பின்பக்கம் உச்சியில் ஒரு திறப்பு. கீழே குளிர்ந்த காற்று நுழையும், சூடானது தானாக மேலேறி வெளியே போகும். பில்ட்-இன் கையேடுகளில் அடிக்கடி வரும் அளவு 200 சதுர சென்டிமீட்டர். அதாவது 20-க்கு 10 சென்டிமீட்டர் திறப்பு. மேலே மட்டும் ஓட்டை போட்டால் பாதி வேலைதான். கப்போர்டுக்கு வெளிக்கதவு இருந்தால் கழற்றிவிடுங்கள்.

இனி வாங்குகிற கதை. தி.நகர் உஸ்மான் ரோடு ஷோரூம்களில் ஏறி இறங்கினால் ஒன்று புரியும். அங்கே ஏசி ஹாலில் நிற்கிற எந்த ஃப்ரிட்ஜும் சமர்த்துதான். நம் வீட்டு மே மாதம் அதற்குத் தெரியாது. அதனால் ஃப்ரிட்ஜைத் திருப்பச் சொல்லி, பின்னால் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரைப் படியுங்கள். 'கிளைமேட் கிளாஸ்' என்று இருக்கும். 'என்' என்றால் 32 டிகிரி சுற்றுப்புறச் சூடு வரை தாங்கும். 'எஸ்டி' என்றால் 38. 'டி' என்றால் 43. 2003 மே 31-ல் 45 டிகிரியைத் தொட்ட ஊர் இது. 'டி' பார்த்து வாங்குவதே நல்லது.

ஆன்லைனில் 'சத்தமே வராது' என்று அழகழகான கலரில் வரும் குட்டிப் பெட்டிகளிடம் கொஞ்சம் உஷார். பலவற்றில் கம்ப்ரஸரே கிடையாது, தெர்மோ எலெக்ட்ரிக் முறை. சுற்றுப்புறச் சூட்டைவிட 15, 20 டிகிரி குறைக்கும், அவ்வளவுதான். அறை 38 என்றால் உள்ளே 18. ஜூஸுக்குச் சரி, இன்சுலினுக்கு ஆகாது. ஹோட்டல் அறைகளில் சத்தமில்லாமல் இருப்பது பெரும்பாலும் 'அப்சார்ப்ஷன்' வகை. அதற்குக் காற்றோட்டம் இன்னும் அதிகம் வேண்டும். சென்னை வீட்டுக்குக் கம்ப்ரஸர்தான்.

அடையாறு, பெசன்ட் நகர்க்காரர்களுக்கு ஒரு வார்த்தை. காற்றோட்டம் என்று சொன்னேனே தவிர, கடலைப் பார்த்த பால்கனியில் கொண்டுபோய் வைத்துவிடாதீர்கள். உப்புக் காற்றில் தகடும் குழாயும் துருப்பிடிக்கும். வெயில் நேராக அடித்தால் அதுவும் கெடுதல்.

பிளக் விஷயத்துக்கு வருகிறேன். 2019 ஜூனில் தாம்பரம் சேலையூரில் ஒரே குடும்பத்தில் மூன்று பேர், ஃப்ரிட்ஜில் ஏற்பட்ட மின்கோளாறால் வந்த புகையில் மூச்சுத்திணறி இறந்ததாகச் செய்திகள் வந்தன. அந்தச் சம்பவத்துக்கும் கப்போர்டுக்கும் சம்பந்தமில்லை. ஆனால் படுக்கையறையில் ஃப்ரிட்ஜ் வைக்கப்போகிறவர்கள் அதை மறக்கக்கூடாது என்று நினைக்கிறேன். எர்த் உள்ள தனி பாயின்ட் வேண்டும். எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் வேண்டாம். ஒயர் ஃப்ரிட்ஜுக்கு அடியில் நசுங்கக்கூடாது. இப்போதைய ஃப்ரிட்ஜ்களில் பெரும்பாலும் ஆர்600ஏ கேஸ். அளவு குறைவுதான் என்றாலும் எளிதில் தீப்பற்றக்கூடியது. காற்றுத் துளைகளை அடைக்காதீர்கள் என்று கையேட்டில் எழுதுவதற்கு அதுவும் ஒரு காரணம்.

படுக்கவைத்து ஏற்றிக்கொண்டு வந்திருந்தால், நிமிர்த்தி நாலு மணி நேரமாவது விட்ட பிறகே சுவிட்சைப் போடுங்கள்.

எங்கள் வீட்டில் கடைசியில் கப்போர்டை உடைக்கவில்லை. ஃப்ரிட்ஜை வெளியே எடுத்து, ஜன்னல் ஓரமாக, வெயில் படாத மூலையில், சுவரிலிருந்து ஒரு சாண் தள்ளி வைத்தோம். மறுநாள் காலையில் தெர்மாமீட்டர் 5 காட்டியது. இன்சுலினை ஐஸ் கட்டும் தட்டுக்குப் பக்கத்தில் வைக்காமல் நடுத்தட்டில் ஒரு டப்பாவில் போட்டு வைத்திருக்கிறோம். மினி ஃப்ரிட்ஜில் அந்தத் தட்டை ஒட்டியிருப்பது உறைந்துபோகும், உறைந்த இன்சுலினையும் தூக்கிப்போட வேண்டியதுதான். தெர்மாமீட்டர் இன்னும் உள்ளேயே இருக்கிறது. தினமும் காலையில் பாட்டி அதைப் பார்த்து காலண்டரில் எழுதிவைக்கிறார். காலியான கப்போர்டில் இப்போது மருந்துச் சீட்டுகளும் முறுக்கு டின்னும்.