ஓவியர்கள் கட்டிய ஊர்!

சவுக்குத் தோப்பில் பிறந்த சோழமண்டலம்

எல்லா ஊரிலும் ஓவியர் ஒருவர் இருவர் இருப்பார்கள். ஆனால் ஓவியர்களே கூடிக் கட்டிய ஊர் ஒன்று உண்டு. அது நம் சென்னைக்குத் தெற்கே, கடற்கரை ஓரத்தில் இருக்கிறது. ஊரின் பெயர் சோழமண்டலம் கலைக் கிராமம்.

தாம்பரத்திலிருந்து மேடவாக்கம், சோழிங்கநல்லூர் வழியாகச் சென்றால் அக்கரையில் கிழக்குக் கடற்கரைச் சாலை வரும். அங்கிருந்து சிறிது வடக்கே போனால் ஈஞ்சம்பாக்கம். எல்லாம் சேர்ந்து சுமார் 20 கிலோமீட்டர். சாலையில் வண்டிகளின் இரைச்சல். வாசலைத் தாண்டி உள்ளே போனாலோ மர நிழல். மரங்களின் நடுவே கல்லிலும் உலோகத்திலும் செய்த சிலைகள்!

வெளிநாடுகளில் பெரும் செல்வர்கள் ஓவியங்களை வாங்கிச் சேர்ப்பார்கள். பிறகு அவர்கள் வாழ்ந்த மாளிகையே கலைக்கூடம் ஆகிவிடும். இத்தாலியில் வெனிஸ் நகரத்தில் பெகி குகன்ஹைம் என்ற சீமாட்டியின் மாளிகை அப்படிப்பட்டது. அவர் 1979-ல் காலமானார். இன்றும் மக்கள் அவருடைய மாளிகைக்குப் போய் ஓவியங்களைப் பார்க்கிறார்கள்.

ஈஞ்சம்பாக்கத்தில் அப்படி ஒரு செல்வர் இல்லை. அங்கே வீட்டைக் கட்டியவர்களும் ஓவியர்களே. படத்தைத் தீட்டியவர்களும் ஓவியர்களே.

ஆசிரியரின் கவலை

இந்த ஊருக்கு வித்திட்டவர் கே. சி. எஸ். பணிக்கர். 1911-ல் கோயம்புத்தூரில் பிறந்தவர். இளமையில் குடும்பத்தைக் காப்பாற்றத் தந்தி இலாகாவில் வேலை பார்த்தார். இன்ஷூரன்ஸ் ஏஜெண்டாகவும் அலைந்தார். அதற்குப் பிறகுதான் சென்னை ஓவியப் பள்ளியில் மாணவராகச் சேர்ந்தார். அப்போது அவருக்கு வயது 25.

1850-ல் தொடங்கிய பழைய பள்ளி அது. மெரினா கடற்கரையில் நிற்கும் உழைப்பாளர் சிலையைப் பார்க்காதவர் யார்? அதைச் செய்த தேவிபிரசாத் ராய் சௌத்ரி அந்தப் பள்ளியின் தலைவராக இருந்தவர். அவருக்குப் பின் 1957-ல் பணிக்கர் தலைவரானார்.

தலைவர் பதவி வந்ததும் ஒரு கவலையும் வந்தது. மாணவர்கள் ஆண்டுக் கணக்கில் ஓவியம் படிக்கிறார்கள். படித்து முடித்தபின் சோற்றுக்கு என்ன வழி? படம் வாங்குவோர் மிகச் சிலர். கைத்திறன் உள்ள பிள்ளைகள் வேறு வேலை தேடிப் போனார்கள். தூரிகை மூலையில் கிடந்தது. வயிற்றுப் பாட்டை அனுபவித்து அறிந்த பணிக்கருக்கு இது பொறுக்கவில்லை.

துணியும் மெழுகும்

வழி ஒன்று பிறந்தது. பகலில் சில மணி நேரம் கைத்தொழில். மீதி நேரம் ஓவியம். தொழிலில் வரும் பணம் வயிற்றைப் பார்த்துக்கொள்ளும். அப்போது யாருக்காகவும் படத்தை மாற்றி வரைய வேண்டியதில்லை அல்லவா?

அவர்கள் செய்த தொழில்களில் ஒன்று பாத்திக். துணியில் உருக்கிய மெழுகால் கோலம் வரைய வேண்டும். பிறகு துணியைச் சாயத்தில் நனைக்க வேண்டும். மெழுகு பட்ட இடத்தில் சாயம் ஏறாது. வெந்நீரில் மெழுகை உருக்கி எடுத்தால் கோலம் மட்டும் பளிச்சென்று நிற்கும். இப்படித் துணி, தோல், உலோகம், மண் என்று பல பொருள்கள் செய்து விற்றார்கள்.

பணம் சேர்ந்தது. ஈஞ்சம்பாக்கத்தில் சுமார் 10 ஏக்கர் நிலம் வாங்கினார்கள். 1966-ல் கிராமம் பிறந்தது. அன்று அங்கே இருந்தவை மணலும் சவுக்கும்தான். மின்சாரம் கிடையாது. இன்று போல அகன்ற சாலையும் கிடையாது. ஆனாலும் இளம் கலைஞர்கள் துணிந்து குடியேறினார்கள். தாங்கள் வாழ்ந்த கரையின் பழைய பெயரையே ஊருக்கு வைத்தார்கள். சோழமண்டலக் கரை என்பதைத்தான் வெள்ளையர் கோரமண்டல் என்று திரித்து அழைத்தார்கள்.

"இதில் என்ன இருக்கிறது?"

2009-ல் இங்கே ஒரு கலைக்கூடம் திறக்கப்பட்டது. இந்த இயக்கத்தைச் சேர்ந்தவர்களின் ஓவியங்களும் சிற்பங்களும் அங்கே இருக்கின்றன.

நவீன ஓவியம் என்றதும் பலருக்குக் கூச்சம். "நமக்கு இதெல்லாம் புரியுமா?" என்று வாசலிலேயே தயங்குவார்கள். தயங்க வேண்டாம். பணிக்கரின் புகழ்பெற்ற ஓவிய வரிசை "சொற்களும் சின்னங்களும்". அதை அவர் 1963-ல் தொடங்கினார். படம் நிறையக் கட்டங்கள். கட்டங்களில் எழுத்துப் போன்ற கிறுக்கல்கள். படிக்க முயன்றால் ஒரு சொல்லும் வராது. ஆனால் நம் வீட்டுப் பாட்டி பார்த்தால், "ஜாதகம் மாதிரி இருக்கிறதே!" என்பார். பாட்டி சொல்வது சரிதான்! ஜாதகக் கட்டமும் கணக்கு நோட்டும்தான் அந்த வரிசைக்குத் தூண்டுகோல். எழுத்துகளைப் படிப்பதற்காக அவர் வரையவில்லை. கோலத்தைப் பார்ப்பது போலப் பார்த்தால் போதும்.

கே. ராமானுஜத்தின் படங்கள் வேறு வகை. மாளிகைகள், விநோதப் பிராணிகள், தொப்பி அணிந்த ஒரு மனிதர். அந்தத் தொப்பிக்காரர் ராமானுஜமேதான்! அவருக்குப் பேச்சுத் தடை உண்டு. மன நோயும் வாட்டியது. அவரை அரவணைத்துக்கொண்டது இந்தக் கிராமம். வாயால் சொல்ல முடியாததை எல்லாம் பேனா மையால் சொன்னார். 1973-ல் 33 வயதில் மறைந்தார். அந்தக் கனவு மாளிகைகள் மட்டும் நின்றுவிட்டன.

பணிக்கரின் மகன் நந்தகோபால் சிற்பி. செம்பையும் பித்தளையையும் பற்றவைத்துச் சிலை செய்தவர். அவரும் 2017-ல் மறைந்துவிட்டார்.

இன்னும் ஒரு கேள்வி

பணிக்கர் 1977-ல் காலமானார். வந்தவர்களில் சிலர் வேறு ஊர்களுக்குப் போனார்கள். விஸ்வநாதன் பாரிஸ் சென்றார். வாசுதேவ் பெங்களூர் சென்றார். பலர் இங்கேயே வீடு கட்டிக் குடும்பம் நடத்தினார்கள். ஓவியத்தை நம்பிப் பிழைக்க முடியுமா என்று உலகம் கேட்டது. முடியும் என்று இவர்கள் வாழ்ந்து காட்டினார்கள்.

ஆனால் காலம் மாறிவிட்டது. அன்று சவுக்கு நின்ற கரையில் இன்று பங்களாக்கள் நிற்கின்றன. அந்த மணலில் ஒரு மனை வாங்க இன்றைய இளம் ஓவியரால் முடியுமா? பணிக்கரின் கவலை இன்னும் தீரவில்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை குழந்தைகளை அழைத்துப் போகலாம். கலைக்கூடத்தைச் சுற்றிப் பார்க்கலாம். சிலைகளின் நடுவே மர நிழலில் உட்காரலாம். சுற்றிலும் உள்ள வீடுகளில் குடும்பங்கள் வாழ்கின்றன. அவர்களைத் தொந்தரவு செய்யக்கூடாது. குழந்தை ஒரு படத்தின் முன் நின்றுவிட்டால் அவசரப்படுத்த வேண்டாம். வீட்டுக்கு வந்ததும் அதன் கையில் ஒரு காகிதமும் பென்சிலும் கொடுங்கள். அது என்ன வரைகிறது என்று பாருங்கள்!